புகாருக்கு முன் விசாரிப்பு, தவறெனில் திருத்தம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழகத்திலிருந்து சென்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சொந்த வீடு வாங்கிக் குடியேறியவர்கள் இன்று பலர். வீட்டைச் சுற்றிப் புல்தரையும் செடிகளும் அமைக்கும் வேலையை அவர்கள் உரிமம் பெற்ற தோட்ட ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைக்கின்றனர். அந்த வேலையில் குறை இருப்பதாகக் கருதி ஒருவர் புகார் கொடுக்கிறார். பிறகு அந்தப் புகார் தவறு என்று தெரியவருகிறது. அப்போது செய்ய வேண்டியது என்ன? இதனைப் பற்றியே இங்கு நாம் பேச விரும்புகிறோம். தொலைதூர நாட்டுச் செய்திபோல் தோன்றினாலும், ஒருவரது பிழைப்பும் மற்றொருவரது பணமும் சிக்கிக்கொள்ளும் வழக்கு எங்கும் ஒன்றே என்பதால் இது நமக்கும் உரியதே.

உரிமம் என்பதன் பொருள்

கலிபோர்னியாவில் ஒப்பந்தக்காரர்களுக்கு உரிமம் வழங்கிக் கண்காணிக்கும் அரசு வாரியம் 1929ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. தோட்டம் அமைப்போருக்கு அந்த வாரியம் 'சி-27' என்னும் தனிப்பிரிவில் உரிமம் தருகிறது. இதனைப் பெறுவதற்கு நான்கு ஆண்டு தொழில் அனுபவத்தை நிரூபித்தல் வேண்டும். தேர்வு எழுதுதல் வேண்டும். கைரேகை கொடுத்து, பின்னணிச் சோதனைக்கும் உட்படுதல் வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் 25,000 டாலருக்குப் பிணைப் பத்திரமும் வைத்திருத்தல் வேண்டும்.

முன்பணத்திற்கும் வரம்பு உண்டு. வீட்டு மேம்பாட்டு ஒப்பந்தத்தில், மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கு அல்லது 1,000 டாலர், இவற்றுள் எது குறைவோ அதற்குமேல் வாங்குதல் பொதுவாகக் கூடாது. அதன்பின் முடிந்த வேலையின் அளவுக்கே பணம் கேட்கலாம்.

ஆகவே உரிமம் என்பது பல ஆண்டு உழைப்பில் ஈட்டிய பொருள். அது பறிபோனால் அந்த ஒப்பந்தக்காரரின் குடும்பமும், அவரிடம் வேலை செய்வோரின் குடும்பங்களும் தெருவுக்கு வர நேரிடும். புகார் மனுவில் கையெழுத்திடும் முன் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது இதுவேயாகும்.

ஓர் எடுத்துக்காட்டு

விளக்கத்திற்காக ஒன்றைச் சொல்கிறோம். சாக்ரமென்டோ பகுதியில் வீடு வாங்கிய ஒருவர் 12,000 டாலருக்குத் தோட்ட வேலையை ஒப்படைத்தார் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தக்காரர் ஆகஸ்ட் மாதத்தில் பெர்முடா புல்லைப் பாய்போல் சுருட்டிக் கொண்டுவந்து விரித்துக் கொடுத்தார். புல்லும் பச்சைப்பசேல் என்று வளர்ந்தது. மீதி 4,000 டாலர் டிசம்பரில் தருவதாகப் பேச்சு.

டிசம்பர் பிறந்தது. தரை முழுவதும் வைக்கோல் நிறமாயிற்று. அதே வாரத்தில், புல் கொடுத்த கடைக்காரர் ஆகஸ்ட் மாதத்தில் அனுப்பி, பிரிக்கப்படாமலே கிடந்த பதிவுத் தபால் ஒன்றும் கண்ணில் பட்டது. தமக்குப் பணம் வராவிட்டால் வீட்டின்மீது பற்றுரிமை கோர நேரிடலாம் என்று அதில் எழுதியிருந்தது. வீட்டுக்காரர் திடுக்கிட்டார். 'செத்த புல்லை விரித்துவிட்டான். கடைக்காரனுக்கும் பணம் கொடுக்காமல் ஏமாற்றியிருக்கிறான்' என்று முடிவு கட்டினார். மீதிப் பணத்தை நிறுத்தினார், வாரியத்திற்குப் புகார் எழுதினார், அக்கம்பக்கத்தாரிடமும் சொன்னார்.

இந்த இரண்டு குற்றச்சாட்டுகளும் தவறானவை. ஏன் என்பதைப் பார்ப்போம்.

காய்ந்த புல் அன்று, உறங்கும் புல்

பெர்முடா புல் என்பது நமக்கு அந்நியமானதன்று. நம் வரப்புகளில் படரும் அருகம்புல்லே அது. வெயிலில் தழைக்கும் இந்தப் புல், குளிர் மிகுந்து உறைபனி விழும் இடங்களில் தன் இலைகளைக் காயவிட்டு, உயிரைத் தண்டிலும் வேரிலும் ஒடுக்கிக்கொள்ளும். இளவேனிலில் மண் சூடேறியதும் மீண்டும் துளிர்க்கும். நம் ஊர்ச் சமவெளியில் அத்தகைய குளிர் இல்லாமையால், அருகம்புல் பருவத்திற்கேற்ப இப்படி உறங்குவதை நம்மவர்கள் கண்டதில்லை. பழக்கமில்லாத கண்ணுக்கு உறக்கமும் சாவும் ஒன்றாகவே தோன்றும்.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. தரையோடு ஓடும் தண்டு ஒன்றைக் கிள்ளிப் பார்த்தல் வேண்டும். உள்ளே வெண்மையாகவும் உறுதியாகவும் இருந்தால் உயிர் இருக்கிறது; பழுப்பேறி நொறுங்கினால் இல்லை. இன்னும் ஐயம் இருப்பின், கையளவு புல்லை மண்ணோடு பெயர்த்துத் தட்டில் வைத்து, வெதுவெதுப்பான சன்னலோரத்தில் நீர் விட்டு வந்தால் சில வாரங்களில் துளிர் தெரியும். மேலும், புல் செத்திருந்தால் பெரும்பாலும் அங்கங்கே திட்டுத்திட்டாகச் சாகும். தரை முழுவதும் ஒரேசீராக நிறம் மாறுவது உறக்கத்திற்கே அடையாளம்.

உண்மையிலேயே செடி பட்டுப்போனாலும் பழி யாருடையது என்பது உடனே விளங்கிவிடாது. புதிதாக நட்டவை வேர் பிடிக்கும் வரை அடிக்கடி நீர் வேண்டும். நீர்விடும் கருவியின் நேர அமைப்பை வீட்டார் மாற்றியிருக்கலாம். சொட்டுநீர்க் குழாயின் துளை அடைத்திருக்கலாம். 2015ஆம் ஆண்டின் வறட்சியில் கலிபோர்னிய நகர்ப்புறங்களின் நீர்ப் பயன்பாட்டை 25 விழுக்காடு குறைக்குமாறு ஆளுநர் உத்தரவிட்டார். அத்தகைய காலத்தில் புல் பழுப்பாவதற்கு ஒப்பந்தக்காரர் என்ன செய்வார்?

பயமுறுத்திய தபால்

இரண்டாவது குற்றச்சாட்டுக்குக் காரணம் அந்தத் தபால். கலிபோர்னியச் சட்டப்படி, வீட்டுக்காரரோடு நேரடி ஒப்பந்தம் இல்லாத பொருள் விற்பனையாளரும் துணை ஒப்பந்தக்காரரும், பொருளோ உழைப்போ முதலில் அளித்த 20 நாட்களுக்குள் வீட்டுக்காரருக்கு ஒரு முன்னறிவிப்பு அனுப்ப வேண்டும். பிற்காலத்தில் பணம் வராமற்போனால் தம் உரிமையைக் காத்துக்கொள்ளச் செய்யும் வழக்கமான ஏற்பாடே இது. பணம் பாக்கி என்று அதற்குப் பொருள் இல்லை. வீட்டின்மீது பற்றுரிமை பதிவாகிவிட்டது என்றும் பொருள் இல்லை. ஒழுங்காகத் தொழில் செய்பவர்களே இதனைத் தவறாமல் அனுப்புவார்கள்.

எனினும் அதனை அலட்சியம் செய்தலும் கூடாது. இறுதித் தொகையைக் கொடுக்கும்போது, ஒப்பந்தக்காரரிடமிருந்தும் கடைக்காரரிடமிருந்தும் பணம் பெற்றுக்கொண்டதாகவும் இனி உரிமை கோருவதில்லை என்றும் சட்டம் வகுத்த படிவத்தில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அச்சத்திற்கு மருந்து அந்தப் படிவமே.

பெயர் மயக்கம்

மூன்றாவதாக ஒரு தவறும் நேர்வதுண்டு. தோட்ட நிறுவனங்கள் பலவற்றின் பெயர்கள் ஒன்றுபோலவே இருக்கும். ஒருவர் செய்த குறைக்குப் பெயர் ஒத்த மற்றொருவர்மீது புகார் போய்விடும். உரிம எண்ணோ ஒன்றுபோல் மற்றொன்று இராது. ஒப்பந்தத்திலும் விளம்பரத்திலும் அந்த எண் இடம்பெற வேண்டும் என்பது சட்டம். எண்ணைப் பார்த்து எழுதுபவருக்கு இந்தத் தவறு நேராது.

தீர்க்கும் முறை

புகார் கிடைத்ததும் வாரியம் உடனே உரிமத்தில் கை வைப்பதில்லை. இரு தரப்பாருக்கும் தெரிவித்து, தமக்குள் பேசித் தீர்க்க வாய்ப்பளிக்கிறது. அலுவலர் ஒருவர் சமரசம் செய்து பார்க்கிறார். தீராவிடில் விசாரணை; தேவையானால் தொழில் வல்லுநர் நேரில் வந்து வேலையைப் பார்வையிடுவார். நடுவரிடம் அனுப்பும் ஏற்பாடும் உண்டு. சட்டமீறல் நடந்திருக்கக்கூடும் என்று விசாரணையில் தெரிந்து, மேல் நடவடிக்கைக்கு அனுப்பும் நிலைக்கு வந்த பின்னரே புகார் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்படுகிறது. ஆராயாமல் ஒருவர் பெயரைக் கெடுக்கக் கூடாது என்ற கருத்தே இதன் அடிப்படை.

நம் எடுத்துக்காட்டில், அலுவலர் பேசிய அன்றே ஒப்பந்தக்காரர் வந்து தண்டைக் கிள்ளிக் காட்டுகிறார். கடைக்காரர் கொடுத்த பணச்சீட்டையும் காட்டுகிறார். இப்போது வீட்டுக்காரர் செய்ய வேண்டியவை நான்கு.

முதலாவது, புகாரைத் திரும்பப் பெறுவதாக வாரியத்திற்கு எழுத்து மூலம் தெரிவித்தல். வாய்மொழி போதாது. புகார் எண், உரிம எண், தவறு நேர்ந்த காரணம் ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். 'சமரசமாகிவிட்டது' என்று எழுதுவதற்கும் 'குற்றச்சாட்டு தவறானது' என்று எழுதுவதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. முன்னது குற்றம் இருந்ததுபோலவே காட்டும்.

இரண்டாவது, நிறுத்திவைத்த 4,000 டாலரைக் கொடுத்து, மேற்சொன்ன படிவங்களைப் பெற்றுக்கொள்ளுதல்.

மூன்றாவது, பிணை நிறுவனத்திற்கும் புகார் போயிருந்தால் அங்கும் திருத்தம் அனுப்புதல். வாரியம் வேறு, பிணை நிறுவனம் வேறு. ஓரிடத்தில் எழுதியது மற்றோரிடத்திற்குத் தானாகச் செல்லாது.

நான்காவதே கடினமானது. யார் யாரிடம் குறை சொன்னோமோ அவர்கள் அனைவரிடமும் உண்மையைச் சொல்லுதல். பத்துப் பேர் நடுவில் பழித்துவிட்டுத் தனியறையில் மன்னிப்புக் கேட்டால், அந்தப் பத்துப் பேர் மனத்தில் பழி அப்படியே நிற்கும். அடுத்த வேலை அவருக்கு வாராது. வாரியம் காத்திருந்து வெளியிடும் செய்தியைத் தெருப்பேச்சு காத்திராமல் வெளியிட்டுவிடுகிறது. எனவே திருத்தமும் தெருவரை போக வேண்டும்.

ஒப்பந்தக்காரருக்கும் கடமை உண்டு. இந்தப் புல் குளிர்காலத்தில் நிறம் மாறும் என்பதையும், பச்சை வேண்டுமாயின் இலையுதிர் காலத்தில் அதன்மேல் ரை புல் விதை தூவலாம் என்பதையும், கடைக்காரரின் தபால் வரும் என்பதையும் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தால் இவ்வளவும் நேர்ந்திராது.

நமக்குரிய பாடம்

இதனால் யாரும் புகாரே கொடுக்கக் கூடாது என்று நாம் கூறவில்லை. உண்மையான குறைக்குப் புகார் கொடுப்பது உரிமை. அடுத்தவரைக் காக்கும் கடமையுமாகும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் குறைகளுக்குக் கலிபோர்னியச் சட்டம் நான்கு ஆண்டு காலம் தந்திருக்கிறது. சில வாரம் பொறுத்து விசாரிப்பதால் உரிமை போய்விடாது.

நம் ஜமாஅத் நிர்வாகத்தின் முன்பும் கொத்தனார்மீதும் பங்காளிமீதும் கடைக்காரர்மீதும் குறைகள் வருகின்றன. சொல்பவரிடம் நாம் மூன்று கேட்க வேண்டும்: எழுத்தில் என்ன இருக்கிறது? மறுதரப்பாரிடம் நேரில் கேட்டாகிவிட்டதா? தொழில் தெரிந்தவர் பார்த்தாரா? இந்த மூன்றுக்கும் விடை கிடைக்கும் முன் எவர் பெயரும் பள்ளிவாசல் திண்ணையில் பேசப்படுதல் ஆகாது. பேசப்பட்டு, தவறென்று தெரிந்தால், திருத்தமும் அதே திண்ணையில் பேசப்படுதல் வேண்டும்.