கூதிர்காலத்து மொட்டை மாடி: எந்த ஒயின், எந்த ஸ்காட்ச்?

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, சுருக்கித் திருத்தியது)

போன பகுதிக்கு அப்புறம் வந்த மெயில்கள்ல ஒண்ணை மட்டும் இன்னிக்கு எடுத்துக்கிறேன். உழவர்கரையில, ரெட்டியார்பாளையம் பக்கத்திலிருந்து ஒரு நண்பர் எழுதியிருக்கார். பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டிருக்கார். அவர் தங்கச்சி கல்யாணம் ஆகி பிரான்சுல இருக்காங்க. மாப்பிள்ளை பிரெஞ்சுக்காரர், லியோன் ஊர். கார்த்திகை தீபத்துக்கு முதல் தடவையா ரெண்டு பேரும் வர்றாங்க. ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில உட்கார வெச்சு நல்ல ஒயினும் ஸ்காட்ச் காக்டெயிலும் கொடுக்கணும்னு இவருக்கு ஆசை. "ஒயின் ஊர்லேர்ந்து வர்ற மனுஷன் முன்னாடி மானம் போகக் கூடாது"ன்னு எழுதியிருக்கார். கடைசியில இன்னொரு வரி: அப்பாவுக்குக் கல்லீரல் கெட்டுப்போய், டாக்டர் சொல்லி, குடியை விட்டு ஏழு மாசம் ஆகுது. அவரும் அதே மாடியிலதான் உட்காருவார். என்ன செய்யறது?

ரெண்டு நாள் அந்த மெயிலைத் திறந்து திறந்து பார்த்துட்டிருந்தேன். அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி. அதுக்கு வர்றேன். முதல்ல கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன்.

ஐரோப்பாவில இலையுதிர் காலத்துக்குன்னு ஒரு குடி இருக்கு. நமக்கு இலையுதிர் காலமே கிடையாது. ஆனா தமிழ்ல அதே மாசங்களுக்கு நல்ல பேர் ஒண்ணு உண்டு: கூதிர். ஐப்பசியும் கார்த்திகையும். நெடுநல்வாடை முழுக்க ஒரு கூதிர் இரவுதான். குளிர்ந்த தண்ணி இருக்கிற குறுகின வாய்ச் சாடியை யாரும் தொடாம, நெருப்புச் சட்டி பக்கம் ஒதுங்குவாங்கன்னு அதில வரும். புதுச்சேரியில இன்னிக்கு அந்தக் குளிர் இல்லை. மார்கழியிலகூட ராத்திரி 21, 22 டிகிரிதான். மழை விட்ட சாயங்காலம், கடல் காத்து, ஈரத் துண்டு காயாத வீடு, இவ்வளவுதான் நம்ம குளிர். அதனால லியோன்ல நவம்பர்ல குடிக்கிறதை அப்படியே இங்க கொண்டு வந்து வைக்க முடியாது.

இங்க ஒயினுக்கு முதல் எதிரி வெயில். புத்தகத்துல "சிவப்பு ஒயினை அறை வெப்பத்துல பரிமாறு"ன்னு இருக்கும். அது பழைய பிரெஞ்சு வீட்டோட அறை, 16லிருந்து 18 டிகிரி. நம்ம ஹால் மழைக்காலத்துலயும் 27, 28. அந்தச் சூட்டுல சிவப்பு ஒயின் சாராய நெடி மட்டும் தூக்கி, இனிப்பில்லாத இருமல் மருந்து மாதிரி இருக்கும். எங்க வீட்டுல பீரோ மேல ஒரு பாட்டில் மூணு கோடை தாண்டி நின்னுச்சு. "பழசாக ஆக நல்லது"ன்னு பெரியவங்க சொன்னாங்க. திறந்தா வேகவெச்ச முந்திரிப்பழம் வாசனை. ஒயின்னாலே இதுதான்னு பல வருஷம் நினைச்சிட்டிருந்தேன்.

அதனால சிவப்பை ஃபிரிட்ஜ்ல அரை மணி நேரம் வெச்சுட்டு எடுங்க. வெள்ளை ஒயினுக்கு 8லிருந்து 10 டிகிரி; மூணு மணி நேரம் உள்ள இருக்கட்டும். கிளாஸை கால்வாசிக்கு மேல ஊத்தாதீங்க, மாடியில அஞ்சு நிமிஷத்துல சூடேறிடும். திறந்த பாட்டிலை மூடி ஃபிரிட்ஜ்ல வெச்சா மூணு நாள் தாங்கும்.

கடையில பார்க்க வேண்டியது விலைக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு. பாட்டில் எங்க நின்னுட்டிருந்தது? கண்ணாடி அலமாரியில வெயில் படற வரிசையில இருந்தா வேண்டாம். கார்க் வாயைத் தாண்டி மேல துருத்திட்டிருந்தா, கழுத்துல ஒழுகின கறை இருந்தா, அது சூட்டுல வெந்த பாட்டில். ஒரு தடவை நகரத்துல ஒரு கடையில தள்ளுபடின்னு போர்தோ ஒண்ணு வாங்கி நான் ஏமாந்திருக்கேன். லேபிள் பிரமாதம், உள்ளே வினிகர். திருகு மூடியைக் கண்டா மட்டம்னு நினைக்காதீங்க. நம்ம ஊருக்கு அதுதான் பத்திரம்.

இப்ப மாப்பிள்ளை. லியோனுக்கு வடக்கே பக்கத்துலயே பொழோலே. கமே திராட்சையில போடற இலேசான சிவப்பு. நவம்பர் மூணாவது வியாழக்கிழமை அந்த வருஷத்துப் புது ஒயினைத் திறப்பாங்க. அவர் அதைக் குடிச்ச கையோட விமானம் ஏறி வர்றார். அவருக்கு முன்னாடி நடுத்தர பிரெஞ்சு பாட்டில் ஒண்ணை நம்ம ஊர் வரியும் கட்டி வாங்கி வைக்கிறதுல என்ன பெருமை? அவர் ஊர்ல சுலபமா கிடைக்காததைக் கொடுங்க. நாசிக்ல சூலா 2000-இல முதல் ஒயினை விட்டாங்க. அவங்க செனின் பிளாங்க் நம்ம சாப்பாட்டுக்குப் பொருந்தும். பெங்களூருக்கு வடக்கே நந்தி மலையடிவாரத்துல குரோவர். அவங்க 'லா ரிசர்வ்' கபர்னேயும் ஷிராஸும் கலந்தது, அதுக்கு ஆலோசனை சொன்னவர் போர்தோவின் மிஷேல் ரோலான். சோலாப்பூர் மாவட்டத்துல அக்லூஜ்ல ஃபிராத்தெல்லி. இந்த மூணுல கிடைக்கிறதை எடுங்க. நம்ம நாட்டுல திராட்சை அறுவடை ஜனவரிலேர்ந்து மார்ச். லேபிள்ல வருஷம் பாருங்க. சாதாரண இந்திய ஒயினை ரெண்டு, மூணு வருஷத்துக்குள்ள குடிச்சிடணும். மலிவா 'போர்ட்'னு விக்கிறது வேற சாமான், இனிப்புப் பானகம். அதை அவர் முன்னாடி வைக்காதீங்க.

பேச்சுக்கு ஒண்ணு சொல்லணும்னா, அரியாங்குப்பம் ஆத்தங்கரையில அரிக்கமேட்டைக் காட்டிட்டு வாங்க. 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டினப்ப மத்தியதரைக் கடல் பக்கத்து ஆம்போரா ஜாடித் துண்டுகள் கிடைச்சுது. ஒயின் வந்த ஜாடிகள். யவனர் கொண்டுவந்த குளிர்ந்த, மணக்கிற தேறலைப் பத்தி புறநானூற்று 56-ஆம் பாட்டுலயும் இருக்கு. ஆக, ஒயின் விஷயத்துல மாப்பிள்ளை ஊர் நமக்குப் புதுசு இல்லை.

தொட்டுக்க என்னன்னு எழுதலை, ஆனா அதுதான் பாதி. மழைச் சாயங்காலம்னா மிளகாய் பஜ்ஜி, நெத்திலி வறுவல், இறால் தொக்கு வரும். காரத்தோட துவர்ப்பு அதிகமான சிவப்பைக் குடிச்சா வாய் இன்னும் எரியும். சாராயச் சத்து காரத்தைத் தூக்கிவிடும். அதனால பஜ்ஜிக்கும் மீனுக்கும் குளிர்ந்த செனின் பிளாங்க், லேசா இனிப்பு இருந்தாலும் தப்பில்லை. சிவப்பை மிளகு போட்ட ஆட்டுக்கறி சுக்காவுக்கு வெச்சுக்கோங்க.

ஸ்காட்ச். ஸ்காட்லாந்துல காய்ச்சி, அங்கேயே ஓக் மரப் பீப்பாயில குறைஞ்சது மூணு வருஷம் கிடந்தாத்தான் அந்தப் பேர். டீச்சர்ஸ், 100 பைப்பர்ஸ், வாட் 69 மாதிரி பல சரக்கு மொத்தமா இறக்குமதி ஆகி இந்தியாவில பாட்டில்ல அடைக்கிறது. அதுவும் ஸ்காட்ச்தான். காக்டெயிலுக்கு அது தாராளமா போதும். பன்னெண்டு வருஷ சிங்கிள் மால்ட்டை வாங்கி எலுமிச்சம்பழம் பிழியற பாவத்தைச் செய்யாதீங்க.

ரெண்டே காக்டெயில் சொல்றேன். முதல்ல ராப் ராய்: 60 மில்லி ஸ்காட்ச், 30 மில்லி இனிப்பு வெர்மூத், ரெண்டு சொட்டு அங்கோஸ்துரா பிட்டர்ஸ். ஐஸ்ல கலக்கி வடிச்சு, ஐஸ் இல்லாம கொடுங்க. வெர்மூத்தும் ஒயின்தான், திறந்தா ஃபிரிட்ஜ்லதான் இருக்கணும். பாதிப் பேர் அலமாரியில வெச்சுக் கெடுக்கறாங்க.

ரெண்டாவது பெனிசிலின். 2005 வாக்கில நியூயார்க்ல சாம் ராஸ்னு ஒருத்தர் போட்டது. எனக்கு இது நம்ம பாட்டி வைத்தியத்தை யாரோ சூட்டு போட்டு அனுப்பின மாதிரிதான் தெரியும். இஞ்சி, தேன், எலுமிச்சை, ஸ்காட்ச். அவர் அளவு 60 மில்லி; நான் 45தான் ஊத்துவேன். 20 மில்லி எலுமிச்சைச் சாறு, 20 மில்லி இஞ்சித் தேன் பாகு. இஞ்சியைத் தட்டி, தேனும் தண்ணியும் சரிபாதி விட்டுச் சூடு பண்ணி வடிகட்டினா பாகு. குலுக்கி ஊத்தினப்புறம் மேல ஒரு டீஸ்பூன் ஐலா தீவுப் புகை வாசனை விஸ்கி. அது இல்லாட்டியும் ஒண்ணும் குடி முழுகாது.

சுடச்சுட வேணும்னா ஹாட் டாடி. இந்த 'டாடி'யோட மூலம் இந்தி, மராத்தியில வர்ற 'தாடி'. நம்ம மோவாய்த் தாடி இல்லீங்க, பனை, தென்னைக் கள். நம்ம கள்ளோட பேர் கப்பல் ஏறிப்போய், 18-ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துல விஸ்கியும் சுடுதண்ணியும் சர்க்கரையும் சேர்ந்த பானத்துக்கு ஒட்டிக்கிச்சு. கிராம்பு, பட்டை, எலுமிச்சை, கருப்பட்டி போட்டுத் தண்ணியைக் கொதிக்கவெச்சு இறக்கிட்டு, கடைசியில டம்ளர்ல விஸ்கியைச் சேருங்க. விஸ்கியை அடுப்புல வைக்கவே வைக்காதீங்க, ஆவி தீப்பிடிக்கும்.

ஒரு கணக்கு. ஒயினை ஜூஸ்னு சொல்ற பழக்கம் நம்ம ஊர்ல உண்டு. 42.8 சதவீதச் சரக்கு ஒரு குவார்ட்டர்ல சுமார் 77 மில்லி சுத்தச் சாராயம். 13 சதவீத ஒயின் ஒரு முழு பாட்டில்ல 97 மில்லி. ஜூஸ் இல்லை.

இப்ப அப்பா. எங்க சித்தப்பாவும் இப்படித்தான் விட்டவர். ஒரு விசேஷ வீட்டுல, நாங்க எல்லாரும் மாடியில உட்கார்ந்துட்டு, அவர் கையில ஒரு கலர் பாட்டிலைக் கொடுத்துக் கீழே சின்னப் பசங்களோட உட்கார வெச்சோம். நல்லது பண்றதா நினைப்பு. அடுத்த மாசம் அவர் திரும்ப ஆரம்பிச்சார். அதனாலதான்னு சொல்ல மாட்டேன். ஆனா படிக்கட்டுல நின்னு மேல பார்த்த அவர் முகம் எனக்கு மறக்கலை.

அதனால நண்பரே, பாட்டில் வாங்கறதுக்கு முன்னாடி அப்பாகிட்டத் தனியா கேளுங்க. நாலு பேர் முன்னாடி இல்லை. "இப்படி ஒரு ஏற்பாடு பண்ணலாமான்னு இருக்கேன்பா, உங்களுக்குக் கஷ்டமா இருக்குமா?"ன்னு நேராவே கேளுங்க. உடனே "எனக்கென்னடா"ன்னு சொல்லுவார். அதை நம்பாதீங்க. ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு தடவை கேளுங்க. தயக்கம் தெரிஞ்சா வீட்டுல பாட்டிலே திறக்க வேண்டாம். மாப்பிள்ளையை ஒரு நாள் கடற்கரைப் பக்கம் ஏதாவது ரெஸ்டாரண்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, மாடியில சாப்பாடும் பேச்சும் இருக்கட்டும். ஏழு மாசம்கறது சின்ன விஷயம் இல்லை. மாப்பிள்ளைகிட்டத் தங்கச்சி ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அவருக்குப் புரியும். உங்க மானம் எங்கயும் போயிடாது.

அவர் மனசார சரின்னு சொன்னா, எல்லாருக்கும் முதல் சுத்து ஒரே பானமா இருக்கட்டும்: மேல சொன்ன அதே கருப்பட்டி, கிராம்பு, பட்டை, எலுமிச்சை, கூட ஒரு துண்டு சுக்கு. விஸ்கி கிடையாது. மாப்பிள்ளைக்கும் அதேதான், அதே டம்ளர்லதான். ஒண்ணு கவனம்: பிரெஞ்சுக்காரங்க போடற வான் ஷோ, மசாலா சேர்த்த சூடு ஒயின், "கொதிச்சதுல சாராயம் போயிடுச்சு"ன்னு யாராவது அப்பாகிட்ட நீட்டுவாங்க. போகாது, நிறையவே தங்கும். ரம்மோ பிராந்தியோ ஊத்தின கிறிஸ்துமஸ் கேக்கும் அப்படித்தான். கல்லீரல் கெட்டவருக்கு ஒரு சொட்டுகூட வேண்டாம். மிச்சம் இருக்கிற பாட்டிலை ராத்திரி வீட்டுல வைக்காதீங்க. வந்த நண்பர் யார்கிட்டயாவது கொடுத்தனுப்புங்க. வண்டி ஓட்டறவர்கிட்டக் கொடுத்தா, அவர் குடிக்காதவரா இருக்கட்டும். 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல போனா கேஸ்.

தங்கச்சி திரும்ப ஃபிளைட் பிடிக்கச் சென்னைக்குக் கார்ல போகறப்ப, "ஞாபகார்த்தமா"ன்னு டிக்கியில பாட்டில் வெச்சு அனுப்பாதீங்க. தமிழ்நாட்டு எல்லையில செக்போஸ்ட் இருக்கு. மாப்பிள்ளைக்குக் கருப்பட்டி கொடுத்து விடுங்க.