தனியாக நடந்து பார்த்த பாரிஸ்

(மூத்தோர் மாதச் சந்திப்பில் பேசியது)

மொட்டை மாடியில் நான் பேசியதை, அன்று வராதவர்களும் படிக்கட்டும் என்று செயலாளர் எழுதித் தரச் சொன்னார். பேசும்போது விட்டுப்போன சிலவற்றையும் சேர்த்திருக்கிறேன். வங்கியில் முப்பத்து நான்கு வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். மேடைப் பேச்சு வராது. கணக்குச் சொல்வதுபோலத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் குடியிருப்பில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில். யாராவது ஒருவர் மூன்று மாதம் போய்விட்டு வந்துகொண்டே இருக்கிறோம். எப்படி இருந்தது என்று கேட்டால், "நல்லா இருந்துச்சு" என்போம். லிஃப்டில் தனியாக இருக்கும்போது கேட்டால்தான் உண்மை வரும். பிள்ளைகள் வேலைக்குப் போனபின் ஜன்னலோரம் உட்கார்ந்து, சனிக்கிழமை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்த கதை அது.

நானும் என் மனைவியும் 2017இல் மகள் வீட்டுக்கு, பாரிஸுக்குப் போனோம். இரண்டு மாதம் இருந்தோம். மகளும் மாப்பிள்ளையும் அழைத்துப் போன இடங்களை மட்டும் பார்த்தோம். நாங்களாக ஒரு நாள்கூடக் கீழே இறங்கவில்லை. காரணம் நான்தான். பிரெஞ்சு தெரியாது, வழி தெரியாது, குளிர், சர்க்கரை என்று தினம் ஒன்று சொல்வேன்.

மகள் வீடு ஊரின் வடகிழக்கில், கிரிமே என்ற தெருவில் ஐந்தாவது மாடி. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கால்வாய் தெரியும். அதன் குறுக்கே ஒரு பாலம். படகு வந்தால் அந்தப் பாலத்தின் சாலைப்பகுதி சாயாமல், மடங்காமல், தட்டில் வைத்துத் தூக்கினாற்போல அப்படியே மேலே போகும். 1885இல் கட்டியது. என் மனைவி முதல்முறை அதைப் பார்த்துவிட்டு, "என்னங்க, ரோடே மேல போகுது, வாங்க கிட்டப் போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றாள். நாளைக்குப் போகலாம் என்றேன். அந்த நாளை அறுபது நாளும் வரவில்லை. வீட்டிலிருந்து பாலத்துக்கு இருநூறு அடி இருந்தால் அதிகம். 2020இல் அவள் போய்விட்டாள்.

2023 மே மாதக் கடைசியில் தனியாகப் போனேன். முதல் பயணத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த ஊருக்கு நான் வந்து சேர்ந்தது இந்த இரண்டாவது தடவைதான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பாண்டிச்சேரிக்காரர் என்றால் பிரெஞ்சு தெரிந்திருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். நான் கடலூரில் பி.காம். படித்துவிட்டு வேலைக்காக இங்கே வந்தவன். தெருப் பெயர்ப் பலகையில் 'ரூ' என்றால் தெரு என்று தெரியும், அவ்வளவுதான். ஆனால் எல்லை தாண்டுவது நமக்குப் புதிதா? 1954 வரை நம் பிள்ளைச்சாவடியிலிருந்து டவுனுக்குப் போனவர்கள் பிரெஞ்சு மண்ணில் புறப்பட்டு, கோட்டக்குப்பம் வழியாக இந்திய மண்ணைக் கடந்து, முத்தியால்பேட்டையில் மறுபடி பிரெஞ்சு மண்ணில் கால் வைத்தார்கள். கத்தரிக்காய் வாங்கப் போவதற்கே இரண்டு எல்லை!

முதல் நாள் பாலம் வரைதான் போனேன். அரை மணி நேரம் நின்றபின் ஒரு படகு வந்தது. மணி அடித்து, இரு பக்கமும் வண்டிகளை நிறுத்தி, சாலை மேலே போனது. நடந்து போகிறவர்களுக்குப் பக்கத்திலேயே படிவைத்த நடைபாலம் இருக்கிறது. அதில் ஏறி நின்று பார்த்தேன். அவள் சொன்னது சரிதான், கிட்டே போய்ப் பார்க்க வேண்டியதுதான்.

திரும்பி வந்தால் வாசல் கதவு திறக்கவில்லை. அங்கே பெரும்பாலான கட்டடங்களில் தெருக் கதவுக்கு எண் அழுத்த வேண்டும். மகள் சொன்ன எண்ணை நான் எழுதிக்கொண்டபோது இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதிவிட்டேன். பேரேடு டேலி ஆகாமல் வித்தியாசம் 9ஆல் வகுபட்டால் எண் இடம் மாறியிருக்கலாம் என்று எத்தனையோ இளம் குமாஸ்தாக்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். கடைசியில் நாயோடு வந்த ஒரு அம்மாள் திறந்துவிட்டார். நீங்கள் போனால் எண்ணை எழுதியபின் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

இரண்டாம் நாள் அந்த நீரைச் சுற்றி வந்தேன். வில்லெட் என்று பெயர். 800 மீட்டர் நீளம். நெப்போலியன் காலத்தில், பாரிஸுக்குக் குடிநீர் கொண்டுவரும் கால்வாய்க்காக வெட்டியது, 1808இல் திறந்தார்கள். தென்முனையில் வட்டமாக ஒரு பழைய கல் கட்டடம். அது ஒரு சுங்கச்சாவடி. 1780களில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பி, உள்ளே வரும் சரக்குக்கெல்லாம் வரி வசூலித்தார்கள். ஒயினுக்கும் வரி. அதனால் மதிலுக்கு வெளியே மலிவு விலையில் ஒயின் விற்கும் கடைகள் பெருகின, ஊர் ஜனம் வெளியே போய்க் குடித்துவிட்டு வந்தது. கோட்டக்குப்பத்திலும் கோரிமேட்டிலும் பையைத் திறந்து பாட்டில் தேடுவதைப் பார்த்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். 1789 ஜூலையில், பாஸ்தீல் சிறை விழுவதற்குச் சற்று முன்பு, ஜனங்கள் இந்த மதிலின் சாவடிகள் பலவற்றைக் கொளுத்தினார்கள். இது தப்பி நிற்கிறது.

அன்றைக்கே உயிர் போயிருக்கும் இன்னொரு விஷயம். அங்கே வண்டிகள் வலது பக்கமாகப் போகும். நாம் பழக்கத்தில் முதலில் வலது பக்கம் பார்த்துவிட்டு இறங்குவோம். இடது பக்கமிருந்து ஒரு சைக்கிள் என் சட்டையை உரசிக்கொண்டு போனது. சைக்கிளுக்குத் தனிப் பாதை, சத்தமே இல்லாமல் வருவார்கள். முதலில் இடது பக்கம் பாருங்கள். இதை மட்டுமாவது மறக்காதீர்கள்.

மூன்றாம் நாளைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும். தலைக்கு மேலே தூண்களில் ஓடும் மெட்ரோவின் அடியில் ஸ்டாலின்கிராட் நிலையத்திலிருந்து மேற்கே நடந்தேன். பதினைந்து நிமிடத்தில் லா ஷப்பேல். திடீரென்று எல்லாப் பலகையும் தமிழ். கறிவேப்பிலை, முருங்கைக்காய், பட்டுப்புடவை, நகைக்கடை. ஈழத்திலிருந்து 1980களில் வரத் தொடங்கியவர்கள் உருவாக்கிய கடைத்தெரு அது. பக்கத்தில் பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் கோயில். ஒரு கடையில் தண்ணீர் வாங்கும்போது கடைக்காரர், "ஐயா, இந்தியாவோ? எந்த இடம்?" என்றார். பாண்டிச்சேரி என்றேன். "ஓமோம், பாண்டிச்சேரிச் சனம் கனபேர் இஞ்ச இருக்கினம். தனியவோ வந்தனீங்கள்?" என்றார். ஆமாம் என்று சொன்னபோது, சொல்லக் கூடாது, கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமையில்தான் வழி தவறினேன். வந்த வழியே திரும்பாமல் கார் து நோர் ரயில் நிலையத்தின் பக்கம் இறங்கினேன். பாண்டிச்சேரி டவுனில் ஒரே பக்கமாக நான்கு முறை திரும்பினால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். நேர்க்கோடு போட்ட தெருக்கள், டச்சுக்காரர் கையில் ஊர் இருந்த காலத்துத் திட்டம். பாரிஸில் அந்தக் கணக்கு செல்லாது. மூன்று தெரு, ஐந்து தெரு ஒரு முனையில் கூடும். நான்காவது முறை திரும்பியபோது முன்பின் பார்க்காத இடத்தில் நின்றேன்.

கூகுள் மேப் இருக்கிறதே என்பீர்கள். இருந்தது. படம் எடுத்தே சார்ஜ் தீர்ந்துவிட்டது.

அப்போது லாஃபயெட் தெரு என்ற பலகையைப் பார்த்தேன். காலையில் ஸ்டாலின்கிராட் பக்கம் இதே பெயரைப் பார்த்திருந்தேன். இந்தத் தெருவைப் பிடித்துப் போனால் வீடு என்று நடந்தேன். நடந்தேன், நடந்தேன், நீர் வரவில்லை. கடைகள் பெரிதாகிக்கொண்டே போயின. மாப்பிள்ளை காலையில் காபி குடிக்கும்போது சொன்னது ஞாபகம் வந்தது. "மாமா, இங்க ஆத்துக்குச் செங்குத்தா போற தெருவுல வீட்டு நம்பர் ஆத்துப் பக்கத்துலருந்து ஆரம்பிக்கும். ஆத்தோட போற தெருவுல தண்ணி ஓடற திசையில நம்பர் கூடும். இரட்டைப்படை வலது, ஒற்றைப்படை இடது." 1805லிருந்து இந்த முறையாம். அரைக் காதில்தான் கேட்டிருந்தேன். லாஃபயெட் தெரு கோணலாகப் போவது, இது ஆற்றுக்குச் செங்குத்தா இணையா என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் சட்டைப்பை நோட்டைப் பார்த்தேன். காலையில் ஸ்டாலின்கிராட் முனையில், பழக்க தோஷத்தில், 'லாஃபயெட் 240க்கு மேல்' என்று குறித்திருந்தேன். தலை நிமிர்ந்து கதவைப் பார்த்தால் 38. முக்கால் தெருவைத் தப்பான திசையில் கடந்திருக்கிறேன். திரும்பி எண் ஏறுகிற பக்கமாக நடந்தேன். ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒருவரையும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்கத் தைரியமில்லாததைச் சாமர்த்தியம் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

வெயில் சாயாததால் மணி ஐந்து இருக்கும் என்று நினைத்திருந்தேன். கையில் கடிகாரம் இருந்தும் பார்க்கத் தோன்றவில்லை. அந்த மாதத்தில் அங்கே சூரியன் இறங்க ஒன்பதரையைத் தாண்டும். வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்பதே கால். மகள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மாப்பிள்ளை கால்வாய்ப் பக்கம் தேடப் போயிருந்தார்.

"உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா நான் யார்கிட்டப்பா போய் நிப்பேன்? அம்மாவும் இல்ல" என்றாள். மேலே வந்து சாப்பாடு போட்டாள். பேசவில்லை. பிறகு, நாளையிலிருந்து தனியாக இறங்க வேண்டாம் என்றாள். அவள் பயம் நியாயம். நான் பதில் சொல்லாமல், பாலத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் அம்மா கேட்டதையும் நான் நாளைக்கு, நாளைக்கு என்றதையும் சொன்னேன். "அம்மா என்கிட்ட சொல்லவே இல்லையே" என்றாள். நீண்ட நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை ஆபீஸ் போகுமுன் என்னோடு கீழே இறங்கினாள். இருவரும் நடைபாலத்தில் நின்றோம். படகு எதுவும் வரவில்லை. போகும்போது ஒரு பவர் பேங்கைக் கையில் கொடுத்து, "ஏழு மணிக்குள்ள வந்துடணும். நடுவுல ரெண்டு தடவ போன்" என்றாள். அதுதான் ஒப்பந்தம். ஊர் திரும்பும் வரை மீறவில்லை.

ஆறாம் நாள் கொஞ்சம் தூரம் போனேன். ஏழாம் எண் மெட்ரோவில் பொன் நெஃப் வரை. பெயருக்குப் புதுப் பாலம் என்று அர்த்தம், ஊரில் இப்போது நிற்கும் பாலங்களிலேயே அதுதான் பழையது, 1607இல் முடித்தது. அங்கிருந்து செய்ன் ஆற்றோரமாக மேற்கே நடந்தேன். வழியில் பச்சை இரும்புக் குழாய்களில் குடிநீர், 1872இல் வாலஸ் என்பவர் கொடுத்த ஏற்பாடு. தெருவோரக் கழிப்பறைகள் இலவசம், பொத்தானை அழுத்தினால் திறக்கும். நம் வயதில் ஈஃபிள் கோபுரத்தைவிட இதுதான் முக்கியம், சிரிக்காதீர்கள். எந்தக் கடையிலும் நுழைந்ததும் முதலில் 'போன்ழூர்' சொல்லுங்கள். சொல்லாமல் விலை கேட்டால் முகம் சுருங்கிவிடும்.

ஈஃபிளைத் தாண்டி டூப்ளே பெயரில் ஒரு மெட்ரோ நிலையம். நம் கடற்கரையில் சிலையாக நிற்கிறாரே, அதே டூப்ளே. 1754இல் பதவி போய்த் திரும்பியவர், தன் கைப்பணத்தைப் போட்டதற்குக் கம்பெனி கணக்குத் தீர்க்கவில்லை என்று வழக்காடிக்கொண்டே 1763இல் பாரிஸில் வறுமையில் செத்தார். அந்த நிலையத்துக்குப் பக்கத்தில்தான் நான் தேடி வந்த தெரு. நீலப் பலகை, பச்சை விளிம்பு, 'ரூ த பொந்திஷெரி'. பாண்டிச்சேரித் தெரு. சின்னத் தெரு, குடியிருப்புக் கட்டடங்கள்தான், பார்க்க ஒன்றுமில்லை. பலகையின் கீழே நின்று மகளுக்குப் போன் செய்து, "பாண்டிச்சேரிக்கு வந்துட்டேன்" என்றேன். அவள் ஒரு நிமிடம் பயந்துவிட்டாள்.

கீழ்த்தளத்தில் இருக்கும் ஒரு தம்பதி அடுத்த மாதம் மகன் வீட்டுக்குக் கிளம்புகிறார்கள், ஐரோப்பாதான். கூட்டம் முடிந்ததும் ஐயா வந்து, சட்டைப்பையில் என்னென்ன எழுதி வைக்க வேண்டும் என்று கேட்டார். வீட்டு முகவரி அந்த ஊர் மொழியில், கதவு எண், பிள்ளைகள் இருவர் போன் எண், சாப்பிடும் மாத்திரைகள், பக்கத்து மெட்ரோ நிலையம். இவ்வளவுதான் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் மடித்து வைத்துக்கொண்டு நகர்ந்தார். கூப்பிட்டு இன்னொரு தாளில் அதையே எழுதி, இது அம்மாவுக்கு என்று கொடுத்தேன்.