வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கிறவங்ககிட்ட என்ன பேசுறது?

ஒரு லிசனர் மெயில் பண்ணியிருந்தாங்க. அப்பா கிட்னிக்காகப் பதிவு பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சாம், அவர்கிட்ட என்ன பேசுறதுன்னே தெரியலையாம். இன்னைக்கு அதைப் பத்தித்தான்.

முதல்ல அந்த லிஸ்ட். தமிழ்நாட்டுல மூளைச்சாவு அடைந்தவர்களோட உறுப்புகளை ஒதுக்குறது 'டிரான்ஸ்டான்'ங்கிற அரசு அமைப்பு. நம்மள மாதிரி கோட் எழுதுறவங்களுக்கு வரிசைன்னாலே முன்னாடி வந்தவருக்கு முதல்லங்கிற நினைப்பு. இது அப்படி நேரா நகராது. ரத்த வகை சேரணும், கிராஸ்மேட்ச் சரியா வரணும், உயிருக்கே அவசரம்னா முன்னுரிமை உண்டு. அதனால "எத்தனாவது இடம்?"னு கேட்டா ஒரு நம்பர் கிடைக்கலாம். தேதி கிடைக்காது.

என் சித்தப்பாவுக்கு வாரத்துக்கு 3 நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். தண்ணியைக்கூட சித்தி அளந்துதான் கொடுப்பாங்க. சென்னை மே மாச வெயில்ல ஒரு ஐஸ் கட்டியை வாயில போட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பார். போனைக் குளிக்கப் போகும்போதும் கூடவே எடுத்துட்டுப் போவார். ஆனா அடிக்கிறது பெரும்பாலும் சொந்தக்காரங்க. "ஏதாச்சும் தகவல் வந்துச்சா?" இல்லைன்னு சொல்லி, அவங்களுக்கு இவரே ஆறுதலும் சொல்லணும்!

ஒரு ராத்திரி நிஜமாவே ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டாங்க. பேக்கப்பா வரச் சொன்னாங்க, அதாவது முதல் ஆளுக்குப் பொருந்தலைன்னா இவருக்கு. சாப்பிடாம விடியவிடியக் காத்திருந்தோம். முதல் ஆளுக்கே பொருந்திடுச்சு. திரும்பி வர்ற வழியில சித்தி, "அடுத்த தடவை நமக்குத்தான்"னாங்க. சித்தப்பா மெதுவா, "அடுத்த தடவைன்னா இன்னொரு வீட்ல எழவு. அதுக்கா சாமி கும்பிடச் சொல்ற?"ன்னார்.

கார்ல யாரும் பேசல. 2023-ல இருந்து உறுப்பு தானம் செஞ்சவங்களுக்கு அரசு மரியாதையோட இறுதிச்சடங்கு நடக்குது இல்லையா, அந்தச் செய்தி டிவியில வந்தா அவர் சேனலை மாத்துறது ஏன்னு அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது.

இந்தக் குற்ற உணர்ச்சிக்கு "பாசிட்டிவா இருங்க" மருந்தே இல்ல, அதைச் சொல்றவங்களைப் பார்த்தா எனக்குக் கோபம்தான் வரும். டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டர் ஏற்கனவே மாற்று சிறுநீரகம் வாங்கின ஒருத்தரைப் பேச வெச்சாங்க. "நீங்க காத்திருக்கிறதால யாரும் சாகல சார். அந்தச் சாவு எப்படியும் நடந்தது. கொடுக்கணும்னு முடிவு பண்ணது அந்தக் குடும்பம்"னார் அவர். நாங்க சொல்லியிருந்தா எடுபட்டிருக்காது. அனுபவிச்சவர் சொன்னார், சித்தப்பா கேட்டுக்கிட்டார்.

அதனால உங்க ஆஸ்பத்திரியிலயும் அப்படி ஒருத்தரைக் கேட்டுப் பாருங்க. அப்பா தூங்காம, யார்கிட்டயும் பேசாம, டயாலிசிஸே வேண்டாம்னு சொல்ல ஆரம்பிச்சா உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க, மனநல மருத்துவரையும் பார்க்கணும். 14416, டெலி மானஸ், இலவச நம்பர், தமிழ்லயே பேசலாம். அம்மாவும் பேசலாம், அவங்களும்தான் காத்திருக்காங்க.

மத்தபடி டயாலிசிஸ் நாள்ல ஒரு தடவை நீங்க கூடப் போங்க, அம்மா வீட்ல தூங்கட்டும். லிஸ்ட் பத்தி அவரா எடுத்தா பேசுங்க, இல்லைன்னா சிஎஸ்கேவைத் திட்டுங்க. அப்புறம், தண்ணி பாட்டிலை அவர் கண்ணு முன்னாடி திறந்து மடமடன்னு குடிக்காதீங்க.