அடிக்கணக்கும் கையெழுத்தும்

நம் சுங்கை பாக்காப்பை அடுத்த புக்கிட் ஜாவி கோல்ஃப் திடலை நாம் கண்டிருப்போம். இவ்வாட்டத்தில் குறைந்த அடிகளில் முடிப்பவரே வெல்வார்.

முதல் அடியிலேயே பந்து குழியில் விழுந்தால் அது ‘ஹோல் இன் ஒன்’, கணக்கு 1. முதற்பந்து எல்லை தாண்டிப்போய், மறுபந்து நேரே குழியில் விழுந்தாலோ, தண்டனை அடியும் சேர்ந்து 3.

1968இல் அமெரிக்க மாஸ்டர்ஸ் போட்டியில் அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ 17ஆம் குழியை 3 அடியில் முடித்தார். உடன் ஆடியவர் அட்டையில் 4 என்று எழுதிவிட்டார். இவரோ பாராமல் கையெழுத்திட்டார். விதிப்படி அந்த 4 நிலைத்தது. சமநிலையில் நின்றிருக்க வேண்டியவர் ஓர் அடியில் தோற்றார். குறைத்து எழுதியிருந்தாலோ, போட்டியிலிருந்தே நீக்கம்!

தோட்டத்தில் பால் நிறுத்ததும் கிராணியார் எழுதிய எண்ணைச் சரிபார்த்தார்களே நம் பெரியோர், அதுவே இங்கும் நமக்கு வழி.