மிருக வைத்தியரும் மாணவர் ஆராய்ச்சியும்

நான் கலைப் பட்டதாரி. பன்விலவிலே அரசினர் பாடசாலையொன்றின் அதிபர். விஞ்ஞானத்தைப் பற்றிப் பேச எனக்கென்ன தகுதி என்று தாங்கள் வினவலாம். நான் இழைக்கவிருந்த தவறொன்றே அத்தகுதியைத் தந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் எம் மாணவியர் இருவர், விஞ்ஞானப் போட்டியொன்றிற்காகப் பசும்பாலை ஆராய முற்பட்டனர். ஒருத்தியின் தந்தையார் தேயிலைத் தோட்டத்து லயத்தருகே மூன்று பசுக்களை வளர்த்து வந்தார். பாலிலே மெதிலீன் நீலம் என்னும் சாயத்தைச் சிறிது கலந்து இளஞ்சூட்டில் வைத்தால், கிருமிகள் மிக்க பாலில் அந்நீலம் விரைவில் மறைந்துவிடும். ஒரு நாள் மடியைக் கழுவாமலும், மறுநாள் கழுவியும் கறந்தனர். கழுவிக் கறந்த பாலில் நீலம் நெடுநேரம் நிற்கும் என்று எதிர்பார்த்தனர். நிகழ்ந்ததோ அதற்கு மாறு. போட்டிக்கு இரண்டு நாட்களே இருந்தன. "அந்த அட்டவணையை விட்டுவிடுங்கள், பிள்ளைகளே" என்றேன்.

பேராதனையில் மிருக வைத்தியம் பயின்று, பின்னர் மனித நோய் ஆராய்ச்சியில் ஈடுபட்ட அன்பர் ஒருவர் அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தார். அன்று மாலை வந்த அவர் எவரையும் கடிந்துகொள்ளவில்லை. "கழுவிய மடியை எதனால் துடைத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். "ஒரே துணியால், சேர்" என்றாள் ஒருத்தி. மூன்று பசுக்களுக்கும் ஒரே ஈரத்துணி! "அத்துணிதான் காரணமா என்பதை இனி நீங்களே ஆராய்ந்து பாருங்கள்" என்றார்.

பின்னர் அவர் பீற்றர் டோகர்ட்டியைப் பற்றிக் கூறினார். 1940இல் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிற் பிறந்த டோகர்ட்டி, குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்தியம் கற்றவர். கன்பராவிலே, சுவிற்சர்லாந்து நாட்டவரான றொல்வ் சிங்கர்நாகலுடன் சேர்ந்து, வைரசு தொற்றிய சுண்டெலிகளை அவர் ஆராய்ந்தார். ஒரு சுண்டெலியின் பாதுகாப்புக் கலங்கள், தன் பரம்பரையைச் சேர்ந்த எலியின் நோயுற்ற கலங்களை அழித்தன. அதே வைரசு தொற்றிய வேறு பரம்பரை எலியின் கலங்களையோ தீண்டாது விட்டன. அவ்விருவரும் அதனைப் பிழையென்று ஒதுக்கவில்லை. பாதுகாப்புக் கலங்கள் வைரசை மட்டுமன்றி, தம் உடலுக்குரிய அடையாளத்தையும் சேர்த்தே இனங்காண்கின்றன என்னும் உண்மை அதிலிருந்து பிறந்தது. 1974இல் வெளியான அக்கண்டுபிடிப்பிற்காக இருவரும் 1996இல் நோபல் பரிசு பெற்றனர்.

எம் மாணவியர் திருத்தாத அட்டவணையுடனேயே போட்டிக்குச் சென்றனர். பரிசு கிடைக்கவில்லை. ஆயினும் ஊர் திரும்பியதும், ஒவ்வொரு பசுவுக்கும் தனித்தனியே உலர்ந்த சுத்தமான துணி வைத்து மீண்டும் சோதித்தனர். இம்முறை நீலம் நெடுநேரம் நின்றது. அத்தந்தையார் இன்றும் அவ்வாறே செய்து வருகிறார்.

பெற்றோர்களே, ஆசிரிய நண்பர்களே! பிள்ளைகளின் விடை நாம் எண்ணியபடி அமையாதபோது அதனைத் திருத்த முற்படாதிருப்போம். என்ன செய்தீர்கள், எவ்வாறு செய்தீர்கள் என்று அவர்களைக் கேட்போம். விஞ்ஞானம் அறியாத என்னாலும் செய்யக்கூடிய உதவி அதுவே.