ஒரு துளி இரத்தமும் எலும்பு நோயும்



எலும்பு நோயைப் பற்றி வைத்தியர்கள் பேசட்டும். நான் பேச வந்தது, விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து, அதில் வைட்டமின் டி எவ்வளவு என்று உட்கார்ந்த இடத்திலேயே எண் காட்டுகிறதே, அந்தச் சிறு கருவியைப் பற்றித்தான். அது காட்டுவது சரிதானா என்று கேட்டால், “யந்திரம் பொய் சொல்லுமா?” என்று சிலருக்குக் கோபம் வருகிறது. குறி சொல்லுகிறவனை நம்பாதவர்கள்கூட, கண்ணாடிக்குள் எண் மின்னினால் நம்பிவிடுகிறார்கள்!

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். 2003-ல் எலிசபெத் ஹோம்ஸ் என்னும் அம்மையார் தெரனோஸ் என்ற கம்பெனியை ஆரம்பித்தார். பிற்பாடு, விரல் நுனி இரத்தத்திலேயே ஏராளமான பரிசோதனைகளைச் செய்வதாகச் சொன்னார். பணக்காரர்கள் பணத்தைக் கொட்டினார்கள். மாஜி மந்திரிகள் நிர்வாக சபையில் உட்கார்ந்தார்கள். 2015-ல் ஒரு பத்திரிகை குட்டை வெளிப்படுத்திற்று. 2016-ல் அக்கம்பெனியே தன் கருவி இரண்டு வருஷம் தந்த முடிவுகளை ரத்து செய்தது. 2022-ல் அம்மையாருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. எதற்காக? பணம் போட்டவர்களை ஏமாற்றியதற்காக! இரத்தம் கொடுத்தவர்களை ஏமாற்றிய குற்றம் ருசுவாகவில்லையாம்.

எல்லோரும் மோசக்காரர்கள் என்று நான் சொல்லவரவில்லை. யோக்கியமான வியாபாரி, “ஆய்வுக்கூட முடிவும் எங்கள் முடிவும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன” என்று ஒரு காகிதம் காட்டுவார். ஒரு கடைத் தராசு எதை வைத்தாலும் நூறு கிராம் கூடக் காட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் சரியான தராசோடு சேர்ந்தேதான் ஏறி இறங்கும். அதற்காக அந்தக் கடையில் சாமான் வாங்குவீர்களா? இதைத்தான் 1986-ல் பிளாண்ட், ஆல்ட்மன் என்ற இரண்டு இங்கிலாந்துப் புள்ளிவிவர நிபுணர்கள் எடுத்துக்காட்டினார்கள். ஒவ்வொருவர் இரத்தத்தையும் இரண்டு வழியிலும் சோதித்து, எத்தனை வித்தியாசம் என்று பார்க்க வேண்டும் என்றார்கள்.

வித்தியாசம் என்றால் சாமானியமல்ல. ஒரு மில்லி லிட்டருக்கு 20 நானோகிராம் என்பது பல வைத்தியர்கள் வைத்திருக்கும் எல்லை. உள்ளபடி 26 இருக்கிற அம்மாளுக்குக் கருவி 16 என்று காட்டினால், 60,000 யூனிட் மருந்து வாராவாரம் உள்ளே போகும். அது அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும். 12 இருக்கிறவருக்கு 22 என்று காட்டினாலோ, எலும்பு மிருதுவாகி வலியில் துடிப்பவரை “வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்” என்று அனுப்பிவிடுவார்கள்.

அன்றியும், விரலைப் பிழிந்தால் சதையிலுள்ள நீரும் இரத்தத்தோடு கலந்து வரும். சோகை பிடித்தவர் இரத்தத்தில் சிவப்பணு குறைவு. அதனாலும் சில கருவிகள் தவறும். ஆகவே கம்பெனிச் சிப்பந்திகளின் இரத்தத்தை மாத்திரம் சோதித்துவிட்டு, இடுப்பெலும்பு முறிந்த பாட்டிக்கும் இது பொருந்தும் என்பது எப்படி நியாயமாகும்?

இன்னொன்று. எண் சரியாகவே இருந்தாலும் அது எலும்புப்புரையைக் கண்டுபிடித்ததாகாது. அதற்கு எலும்பின் அடர்த்தியைத்தான் அளக்க வேண்டும்.

ஊரில் முகாம் போட்டு யாராவது விரலை நீட்டச் சொன்னால், நீட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் குத்துவதற்கு முன், எத்தனை பேர் இரத்தத்தில், எந்த ஆய்வுக்கூடத்தோடு ஒப்பிட்டார்கள், அதை ஒப்பிட்டது விற்கிறவரா வேறொருவரா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், மருந்து வாங்குமுன் ஆய்வுக்கூடத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குக் கொடுத்த நேரம் ஆகிவிட்டது. அடுத்துப் பேசும் தோழருக்கு இடம் விடுகிறேன்.