ஊர்ப்பட்டறையில் பிறக்கும் வண்டி



கல்முனையிலிருந்து தெற்கே அக்கரைப்பற்று நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், அறுவடைக் காலத்து மாலைவேளையொன்றில் நின்று பார்ப்பவர் ஒரு விசித்திரமான வாகனத்தைக் காணாதிருக்க முடியாது. முன்னே இரண்டு சக்கரங்கள். அவற்றின்மேல் ஒரு டீசல் இயந்திரம். எருமைக் கொம்புகளைப்போல் பின்னோக்கி நீண்ட இரு கைப்பிடிகள். பின்னே வேறு இரண்டு சக்கரங்களின்மேல் ஒரு பெட்டி; அதன் முகப்பிலே ஒரு பலகை ஆசனம்; ஆசனத்திலே ஓட்டுபவர். பெட்டிக்குள் நெல்மூட்டை இருக்கலாம், விறகு இருக்கலாம், வயலுக்குப் போய்த் திரும்பும் ஒரு குடும்பமே இருக்கலாம். இதன் முன்பாதி தொழிற்சாலையிலே பிறந்தது. பின்பாதியோ பெரும்பாலும் வீட்டோடு ஒட்டிய ஊர்ப்பட்டறைகளிலே பிறப்பது. இரண்டையும் சேர்த்து ‘லேண்ட் மாஸ்டர்’ என்கிறோம். எந்த நாட்டுக் கம்பெனியின் இயந்திரமாயினும் நமக்குப் பெயர் அதுவே.

அந்தப் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்ற நம் நாட்டவர் ரே விஜேவர்தன என்பார், 1950களின் நடுப்பகுதியில் இருசக்கரக் கை உழவு இயந்திரம் ஒன்றை வகுத்தார். அது இங்கிலாந்திலே ‘லேண்ட் மாஸ்டர்’ என்னும் பெயருடன் தயாராயிற்று. பின்னாளில் ஜப்பானிய இயந்திரங்களும் சீன இயந்திரங்களும் வந்து நிறைந்தன. பெயர் மட்டும் மாறவில்லை. 2010ஆம் ஆண்டில் மறைந்த விஜேவர்தன, சிறு விமானங்களைத் தாமே கட்டித் தாமே பறந்தவர். அதனினும் அவரிடத்தில் நான் பெரிதாகக் கருதுவது, தாம் படைத்த இயந்திரத்தையே பிற்காலத்தில் அவர் கேள்விக்கு உள்ளாக்கியதுதான். எருமை சாணம் தரும், பால் தரும், கன்றும் ஈனும்; இயந்திரம் இவற்றுள் எதைத் தரும் என்று கேட்கத் தொடங்கினார். தன் கைவேலையைத் தானே ஐயுறும் பொறியியலாளர் எத்தனை பேர்?

ஆயினும் நம் கரையோர மக்களுக்கு அந்த இயந்திரம் உழவுக்கு மட்டும் வந்ததன்று. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் ஆகிய ஊர்கள் கடலோரத்து ஒடுங்கிய மணற்றிடரிலே நெருங்கிக் கிடக்கின்றன. வீடு கிழக்கே, வேளாண்மை மேற்கே. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பின்னர், பட்டிப்பளை ஆற்று நீர் பாயும் நிலம் இன்னும் விரிந்தது. விதைநெல்லும் உரமும் அங்கே போகவேண்டும். விளைந்த நெல் இங்கே வரவேண்டும். அந்தத் தூரத்தை முன்னர் மாட்டுவண்டில் கடந்தது. உழவு முடிந்ததும் கலப்பையைக் கழற்றிவிட்டுப் பெட்டியைப் பூட்டினால் அதே இயந்திரம் வண்டில்மாடாகிவிடும். தாய்லாந்து மக்கள் இவ்வகை இயந்திரத்தை ‘இரும்பு எருமை’ என்றே அழைக்கிறார்கள். அதன் இயந்திரத்தைப் பொருத்தி ஊர்ப்பட்டறைகளிலே லொறியைப் போன்ற வாகனங்களையும் கட்டிக்கொள்கிறார்கள்.

வீட்டுக் கொட்டிலில் வண்டி செய்வது ஏழைநாட்டுப் பழக்கம் என்று எவரும் எண்ணவேண்டாம். 1896ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4ஆம் திகதி விடியுமுன், அமெரிக்காவின் டெட்ராயிட் நகரிலே ஹென்றி போர்ட் தம் முதல் வண்டியை வீட்டுப் பின்புறக் கொட்டிலில் முடித்து வெளியே உருட்ட முயன்றார். வாசல் சிறிது, வண்டி பெரிது! கோடரியால் செங்கற் சுவரை இடித்தே அதை வெளியேற்றினார். நான்கு சைக்கிள் சக்கரங்களின்மேல் ஓடிய அந்த வண்டி முன்னே போகும், பின்னே போகாது. அதற்குப் பிரேக்கும் இல்லை.

நான் இன்று சொல்ல வந்தது இந்தக் கடைசிச் செய்தியைப் பற்றியே. வண்டி செய்யப் புகுந்தவனின் மனமெல்லாம் அதை ஓட வைப்பதிலே கிடக்கும். நிறுத்துவது பிறகு வரும் நினைப்பு. ஜெர்மனியிலே கார்ல் பென்ஸ் 1886இல் தம் வாகனத்துக்கு உரிமப் பத்திரம் பெற்றார். அதனை 1888 ஆகஸ்டில், இரு மைந்தரையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட்டிச் சென்றவர் அவருடைய மனைவி பெர்த்தா. மலைப்பாதை இறக்கங்களில் மரத்தாலான பிரேக் கட்டைகள் தேய்ந்துபோயின. வழியிலே ஒரு செருப்புத் தைப்பவரைக் கண்டு, அக்கட்டைகளின்மேல் தோலை அடிக்கச் செய்தார் அந்த அம்மையார். வகுத்தவர் மேசையில் காணாததை ஓட்டியவர் தெருவிலே கண்டார்.

நம் பட்டறைக்கு வருவோம். பெட்டிக்கு அச்சை எங்கே வைப்பது? மாட்டுவண்டில் செய்த தச்சர்களுக்கு இது பாலபாடம். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து அழுந்தும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழுந்து கழுத்துக் கயிறு நெரிக்கும். இரும்பு மாட்டுக்கும் இதே விதிதான். பாரம் அச்சுக்குப் பின்னே சாய்ந்தால் பெட்டியின் மூக்கு மேலெழும். இயந்திரச் சக்கரங்கள் நிலத்தைப் பற்றமாட்டா. ஆதலால் பாரத்தில் ஒரு சிறுபங்கு எப்போதும் கொளுவியின்மேல் தங்குமாறு அச்சைச் சற்றுப் பின்னே வைக்கவேண்டும். அந்தக் கொளுவியை ஒட்டும் வேலையிலே கஞ்சத்தனம் ஆகாது. மேலே தடித்துத் தோன்றும் ஒட்டு உள்ளே ஊறாதிருக்கலாம். கடற்காற்றின் உப்பு மெல்லிய வெடிப்பையும் தேடிப் பிடித்துத் தின்னும்.

இனிப் பிரேக். பெரும்பாலான வண்டிகளில் ஓட்டுபவர் காலால் மிதிக்கும் பிரேக் பெட்டியின் இரு சக்கரங்களுக்கே உரியது. மிதியிலிருந்து செல்லும் கம்பி இரு சக்கரங்களையும் ஒரே அளவில் இழுக்காவிட்டால் ஒன்று இறுகும், மற்றது உருளும். வண்டி ஒரு பக்கம் வெட்டித் திரும்பும். இதற்கு மருந்து விலையுயர்ந்ததன்று. நடுவிலே அசையும் ஒரு குறுக்குச் சட்டம், தராசுக்கோலைப் போல, இழுப்பை இருபுறமும் சமமாகப் பங்கிடும். இதை விடுத்து, பெட்டிக்கு வர்ணம் பூசிப் பூவும் கொடியும் எழுதுவதிலே பணத்தைச் செலவிடுவோர்மீது எனக்குச் சிறிது கோபம் உண்டு. வேகம் இரு மடங்கானால் நிறுத்தும் தூரம் நான்கு மடங்காகும் என்பது எந்தப் பட்டறைக்கும் பொதுவான கணக்கு.

இறக்கத்தில் இவ்வண்டி செய்யும் மாயம் ஒன்றையும் கூறவேண்டும். சமதரையிலே இடக்கைப் பிடியை அழுத்தினால் இடச்சக்கரத்துக்கு இயந்திரத்தின் தொடர்பு அறும்; வலச்சக்கரம் தள்ள, வண்டி இடப்புறம் திரும்பும். இறக்கத்திலோ பின்னாலுள்ள பாரம் தள்ளுகிறது. இயந்திரம் பிடித்து நிறுத்துகிறது. அப்போது இடப்பிடியை அழுத்தினால், விடுபட்ட இடச்சக்கரம் விரைந்து உருள, வண்டி வலப்புறம் ஓடும்! நம் பகுதி சமதரைதானே என்பீர்கள். குளக்கட்டிலிருந்து இறங்கும் பாதையும் வாய்க்காற் பாலத்துச் சரிவும் நம் பகுதியில் இல்லையா? பழகாத இளைஞன் ஒருவன் நெல்லேற்றிய பெட்டியோடு முதன்முறை இறங்கும்போது, அவன் கை சரியென்று நம்பும் செயலே அவனை வாய்க்காலுக்குள் கொண்டுபோகும். ஆகவே இறக்கத்திலே அப்பிடிகளைத் தொடாமல், வேகத்தை முன்கூட்டியே குறைத்து, கைப்பிடியைத் தள்ளியே திருப்பவேண்டும்.

இரவிலே மற்றோர் ஆபத்து. இயந்திரத்தின் முன்விளக்கு எரியும். பெட்டியின் பின்புறம் இருட்டாயிருக்கும். பின்னால் விரைந்து வரும் பஸ் ஓட்டுநருக்கு வைக்கோற்பாரமும் இருளும் ஒன்றே. சிவப்புப் பிரதிபலிப்பான்கள் இரண்டைப் பின்பலகையின் இரு ஓரங்களிலும் அறைய ஒரு மணிநேரம் போதாதா? விளக்கில்லாத வண்டியினால் வரும் துயரம் அதை ஓட்டியவரோடு நிற்பதில்லை. பெட்டியில் ஏறி வந்த பிள்ளைகளையும் சேரும்.

புதிய பெட்டியைப் பட்டறை முற்றத்தில் வெறுமையாக உருட்டி, மிதித்து, “நிற்கிறது” என்று ஒப்படைப்பது சோதனையாகாது. வழக்கமாக ஏற்றும் பாரத்தை ஏற்றி, ஆளற்ற பாதையில், முதலில் மெதுவாகவும் பின் வேகமாகவும் நிறுத்திப் பார்க்கவேண்டும். நின்ற இடத்திலே இரு சக்கரங்களின் தடமும் ஒரே நீளமா என்று இறங்கிப் பார்க்கவேண்டும். வாய்க்காலைக் கடந்து ஏறிய பின்னரும் ஒருமுறை பார்ப்பது நன்று. நீர் புகுந்த பிரேக் சிறிது நேரம் பிடிக்காது. மெல்ல மிதித்துக்கொண்டே கொஞ்சத் தூரம் ஓட்டினால் அந்தச் சூட்டிலே அது உலர்ந்துவிடும்.